நாற்பது இரயில்வேக்களை இணைத்த தஞ்சைத் தமிழர்



எங்கள் புக்கிட் பெருவாங்கில் பல்கலைக்கழகம் இருக்கிறது. இரயில் நிலையம் இல்லை. விடுமுறை முடிந்து ஈப்போவிலிருந்து திரும்பும் மாணவர்கள் பூலாவ் செபாங் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து காரிலோ பேருந்திலோ வந்து சேர வேண்டும். எங்கள் எதிர்வீட்டில் வாடகைக்குத் தங்கிப் பொறியியல் படிக்கும் மாணவர் ஒருவர் அப்படி வந்து இறங்கிய நாளில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். பேராக், சிலாங்கூர், கோலாலம்பூர், நெகிரி செம்பிலான், மலாக்கா என்று வழியில் எத்தனையோ எல்லைகள் மாறுகின்றன. ஆனாலும் ஒரே டிக்கெட்டில், ஒரே பெட்டியில் உட்கார்ந்து வர முடிகிறது. இதை யார் ஏற்பாடு செய்தார்கள் என்பதுதான் அவருடைய கேள்வி.

நல்ல கேள்வி. இது தானாக நடந்ததல்ல. ஒரு காலத்தில் பேராக்கிற்குத் தனி இரயில்வே, சிலாங்கூருக்குத் தனி இரயில்வே என்றுதான் இருந்தன. 1901-இல்தான் அவை ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. இதே வேலையை நம் நாட்டைவிடப் பல மடங்கு பெரிய நாட்டில், மிகவும் சோதனையான காலத்தில் செய்து முடித்தவர் ஒரு தமிழர். அவர் பெயர் என். கோபாலசாமி ஐயங்கார். காஷ்மீர் வரலாற்றைப் படிப்பவர்களுக்கு அவர் பெயர் தெரியும். இரயிலில் போகிறவர்களுக்குத்தான் அவரைத் தெரியவில்லை.

கோபாலசாமி ஐயங்கார் 1882 மார்ச் 31 அன்று தஞ்சை மாவட்டத்தில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் படித்தார். 1904-இல் பச்சையப்பன் கல்லூரியில் சிறிது காலம் ஆசிரியராக இருந்துவிட்டு, அடுத்த ஆண்டு சென்னை மாகாண அரசுப் பணியில் துணை ஆட்சியராகச் சேர்ந்தார். 1921 முதல் ஏழாண்டுகள் கிராமப் பஞ்சாயத்துகளை அமைக்கும் பணி அவரிடம் இருந்தது. ஊருக்கு ஊர் போய், ஒத்துப்போகாதவர்களை ஒரே மன்றத்தில் உட்கார வைக்கிற வேலை அது. பிறகு மாவட்ட ஆட்சியர், பொதுப்பணித் துறைச் செயலாளர் என்று படிப்படியாக உயர்ந்தார். 1937 முதல் 1943 வரை காஷ்மீர் சமஸ்தானத்தின் பிரதமராக இருந்தார். டாக்டர் அம்பேத்கர் தலைமையில் இந்திய அரசியலமைப்பை வரைந்த எழுவர் குழுவிலும் இடம்பெற்றார். 1948 செப்டம்பரில் இரயில்வே, போக்குவரத்துத் துறை அவரிடம் வந்தபோது அவருக்கு வயது 66. அவருக்குத் துணையாக இணையமைச்சராக இருந்த கே. சந்தானமும் தமிழரே.

அவர் கைக்கு வந்த இரயில்வே எப்படி இருந்தது? ஏறத்தாழ 53,600 கிலோமீட்டர் பாதை. 9 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள். ஆண்டுக்கு 120 கோடிக்கும் மேலான பயணங்கள். ஆனால் இது ஒரே இரயில்வே அல்ல. ஏறத்தாழ 40 இரயில்வேக்கள். சில ஆங்கிலேயக் கம்பெனிகள் நடத்தி வந்தவை. பல, சமஸ்தான மன்னர்களுக்குச் சொந்தமானவை. ஒவ்வொன்றுக்கும் தனி அலுவலகம், தனிக் கணக்கு, தனி வழக்கம்.

இது எப்படிப்பட்ட சிக்கல் என்று என் தாத்தாவின் பயணத்தை வைத்துச் சொல்கிறேன். அவர் 1920-களில் திருச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து தென்னிந்திய இரயில்வேயில் ஏறி நாகப்பட்டினம் வந்து, அங்கே கப்பலேறி மலாயாவுக்கு வந்தவர். அங்கே அவர் ஏறிய இரயிலுக்கும், இங்கே தம்பினில் வந்து இறங்கிய இரயிலுக்கும் பாதையின் அகலம் ஒன்றுதான்: 1,000 மில்லிமீட்டர். அதாவது மீட்டர் கேஜ். ஆனால் இந்தியாவுக்கு உள்ளேயே அந்த அகலம் எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை.

கும்பகோணத்தில் ஏற்றிய ஒரு மூட்டை பம்பாய் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சென்னை வரை அது தென்னிந்திய இரயில்வேயின் மீட்டர் கேஜ் வண்டியில் வரும். சென்னைக்கு மேல் பாதையின் அகலம் 1,676 மில்லிமீட்டர். ஆகவே மூட்டையை இறக்கி, வேறு வண்டியில் ஏற்ற வேண்டும். ராய்ச்சூர் வரை மதராஸ் தென் மராட்டா இரயில்வே. அதற்குப் பிறகு பம்பாய் வரை இன்னொரு இரயில்வே. ஒரு மூட்டைக்கு மூன்று நிர்வாகம். வழியில் மூட்டை காணாமல் போனால் யார் பொறுப்பு? சரக்குப் பெட்டி தாமதமாகத் திரும்பினால் யார் யாருக்குப் பணம் கட்டுவது? கட்டணத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு? இதற்கெல்லாம் தனியாகக் கணக்கு எழுத வேண்டியிருந்தது.

இணைப்பதுதான் வழி என்று எல்லாருக்கும் தெரியும். எப்போது இணைப்பது என்பதில்தான் கருத்து வேறுபாடு. இரண்டாம் உலகப் போரில் ஓய்வில்லாமல் ஓடி எஞ்சின்கள் தேய்ந்திருந்தன. பிரிவினையில் பாதைகள் துண்டாகியிருந்தன. அனுபவம் வாய்ந்த ஊழியர்கள் பலர் எல்லை தாண்டிப் போய்விட்டார்கள். ஹிருதயநாத் குன்ஸ்ரு தலைமையில் ஆராய்ந்த குழு, இணைப்பை ஐந்தாண்டுகளுக்குத் தள்ளி வைக்கலாம் என்று கருதியது. அந்தக் கருத்தில் நியாயம் இருந்தது. நோயாளி எழுந்து நடமாடட்டும், பிறகு அறுவை செய்யலாம் என்பது போன்றது அது.

ஆனால் 1950 ஏப்ரல் 1 அன்று சமஸ்தான இரயில்வேக்கள் மத்திய அரசின் கைக்கு வந்தன. அவற்றில் பல மிகச் சிறியவை. ஒவ்வொன்றையும் தனியாக நடத்துவது வீண் செலவு. ஐயங்கார் காத்திருக்கவில்லை. அவசரப்படவும் இல்லை. திட்டத்தை வரைந்து மாநில அரசுகள், வணிகர் சங்கங்கள், தொழிலாளர் அமைப்புகள் ஆகியவற்றின் கருத்து கேட்கப்பட்டது. ஒவ்வொரு மண்டலமும் ஒரு முழுமையான தலைமையகத்தைத் தாங்கும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். ஒரே நிலப்பகுதியாக இருக்க வேண்டும். மாற்றத்தின்போது வண்டிகளின் ஓட்டம் தடுமாறக் கூடாது. இவைதாம் விதிகள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாமல் முதலில் தெற்கில் தொடங்கினார்கள். 1951 ஏப்ரல் 14 அன்று தென்னிந்திய இரயில்வே, மதராஸ் தென் மராட்டா இரயில்வே, மைசூர் இரயில்வே ஆகிய மூன்றும் சேர்ந்து தெற்கு இரயில்வே பிறந்தது. அதே ஆண்டு நவம்பர் 5-இல் மத்திய, மேற்கு மண்டலங்கள். 1952 ஏப்ரல் 14-இல் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மண்டலங்கள். ஓராண்டில் ஏறத்தாழ 40 இரயில்வேக்கள் ஆறு மண்டலங்களாயின.

அவர் பொறுப்பில் இருந்த காலத்தில் வேறு இரண்டு பெரிய வேலைகளும் முடிந்தன. பிரிவினையால் அசாமுக்குப் போகும் பாதை கிழக்குப் பாகிஸ்தானில் சிக்கிக்கொண்டது. இந்திய மண்ணிலேயே 229 கிலோமீட்டர் நீளத்துக்கு இணைப்புப் பாதை போடும் வேலை அவருக்கு முன்பே, 1948 ஜனவரியில் தொடங்கியிருந்தது. வெள்ளம் பாயும் ஆறுகளைக் கடந்து, இரண்டே ஆண்டுகளில், 1950 ஜனவரி 26 அன்று அது திறக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 1-இல் சித்தரஞ்சன் ஆலையிலிருந்து முதல் நீராவி எஞ்சின் வெளிவந்தது.

எல்லாம் இனிதாக முடிந்தது என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. இணைப்பில் சிலருக்கு இழப்பும் உண்டு. திருச்சியில் இருந்த தென்னிந்திய இரயில்வேயின் தலைமையகம் போய், தெற்கு இரயில்வேயின் தலைமையகம் சென்னையில் அமைந்தது. ஒரு ஊரிலிருந்து பெரிய அலுவலகம் போனால் அந்த ஊருக்கு என்ன ஆகும் என்பது தோட்டம் மூடப்பட்டதைப் பார்த்த நமக்குத் தெரியும். ஆறு மண்டலங்களில் சில மிகப் பெரிதாகவும் அமைந்துவிட்டன. 1955 முதல் அவற்றைப் பிரிக்க வேண்டி வந்தது. பாதையின் அகலத்தையும் அவரால் ஒன்றாக்க முடியவில்லை. அதற்கான பெருந்திட்டம் 1992-இல்தான் தொடங்கியது.

இந்த இடத்தில் ஐரோப்பாவைப் பாருங்கள். இரயில் பிறந்த கண்டம் அது. அங்கே பிரான்சிலும் ஜெர்மனியிலும் பாதையின் அகலம் 1,435 மில்லிமீட்டர். ஸ்பெயினின் பழைய பாதைகளில் 1,668. நாட்டுக்கு நாடு மின்சார அழுத்தமும் சமிக்ஞை முறையும் மாறுகின்றன. பயணி இரயிலும் சரக்கு இரயிலும் எல்லைகளில் தடையின்றி ஓட வேண்டும் என்று அங்கே இன்றும் பாடுபடுகிறார்கள். தண்டவாளம் போடுவதைவிட, போட்ட தண்டவாளங்களைச் சேர்த்து வைப்பது கடினம்.

கடைசி மூன்று மண்டலங்கள் பிறந்த அடுத்த மாதமே, 1952 மே மாதத்தில், ஐயங்கார் பாதுகாப்புத் துறைக்கு மாறினார். 1953 பிப்ரவரி 10 அன்று சென்னையில் காலமானார்.

நம் மலாக்கா நகருக்கும் ஒரு காலத்தில் இரயில் வந்தது. 1905-இல் திறந்த தம்பின் - மலாக்கா கிளைப் பாதை அது. ஜப்பானியர் காலத்தில் அதன் தண்டவாளங்களைப் பெயர்த்துச் சயாம் மரண இரயிலுக்குக் கொண்டு போனார்கள். அந்தப் பாதை திரும்ப வரவேயில்லை. பிரிப்பதற்குக் கடப்பாறையும் சில மாதங்களும் போதும். சேர்ப்பதற்கு ஐயங்காரைப் போல ஊர் ஊராகப் பழகிய பொறுமை வேண்டும்.

எதிர்வீட்டு மாணவருக்கு நான் சொன்ன பதில் இதுதான். எஞ்சினைச் செய்கிற பொறியாளர் வேண்டும். எல்லையில் வண்டி நிற்காமல் போகும்படி விதிகளையும் கணக்கையும் ஒழுங்கு செய்கிற நிர்வாகியும் வேண்டும். அடுத்த முறை நீங்கள் இரயிலில் ஒரு மாநிலத்தைக் கடக்கும்போது, கடந்ததே தெரியவில்லை என்றால், அதுதான் அப்படிப்பட்டவர்கள் செய்த வேலை.