திருக்குருகூரில் கிடைத்த ஏடு
(மஹாமஹோபாத்யாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் சரித்திரம்)

ஸ்ரீமந் நாதமுனிகளின் வைபவத்தை அறியாத ஸ்ரீவைஷ்ணவர் இரார். வீரநாராயணபுரத்துக்கு வந்த யாத்ரிகர் சிலர் குடந்தை ஆராவமுதன் விஷயமான பாசுரங்களை அநுஸந்திக்கக் கேட்டார். அவை ஆயிரத்துள் ஒரு பத்தே என்று உணர்ந்தார். எஞ்சியவற்றைத் தேடித் திருக்குடந்தைக்கும், பின்னர் திருக்குருகூருக்கும் எழுந்தருளினார். ஆழ்வார் திருவருளால் நாலாயிரமும் நமக்குக் கிடைத்தன. மறைந்த நூலைத் தேடுவோர்க்கெல்லாம் அவரே முதலாசாரியர். பல நூற்றாண்டுகளுக்குப் பின், அதே குடந்தையில் தேடத் தொடங்கி, அதே குருகூரில் ஏடு பெற்ற பெரியார் ஒருவரின் சரித்திரத்தை இவ்வுத்ஸவ மலரில் பக்தர்கள் திருமுன் ஸமர்ப்பிக்கிறேன்.

உ. வே. சாமிநாதையர் 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் தேதி சூரியமூலையில் அவதரித்தார். பிதாவின் ஊர் உத்தமதானபுரம். தந்தையார் வேங்கடஸுப்பையர் ஸங்கீத வித்வான். குழந்தைக்கு இட்ட நாமம் வேங்கடராமன்; சாமிநாதன் என்பது வழங்கிய பெயர். 1871இல் மாயூரத்தில் மஹாவித்வான் மீனாக்ஷிசுந்தரம் பிள்ளையை அடைந்து, அவர் 1876இல் சிவபதம் அடையும் வரை குருகுலவாஸம் செய்தார். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார்.

அவ்வாண்டே அவ்வூருக்கு முனிசீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் கற்ற அந்தாதிகளையும் புராணங்களையும் ஐயர் வரிசையாகச் சொல்ல, அவற்றுக்கு முந்திய பழைய நூல்களைக் கற்றதுண்டோ என்று முதலியார் வினவினார். கற்றதில்லை. அந்த ஒரு வினாவே ஐயரின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. சீவக சிந்தாமணி ஜைன காவியம். அதன் பொருள் விளங்காத இடங்களை அவ்வூர் ஜைனர்களின் இல்லங்களுக்குச் சென்று கேட்டுத் தெளிந்தார். வித்தை எவரிடம் இருந்தாலும் அவரிடம் சென்று பெறவேண்டும் என்பதற்கு இது சிறந்த உதாஹரணம். கையொப்பக்காரரை நாடியும் கடன்பட்டும் 1887இல் அந்நூலை அச்சிட்டு முடித்தார்.

அடுத்துப் பத்துப்பாட்டை எடுத்துக்கொண்டார். நச்சினார்க்கினியர் உரை கிடைத்தது. மூலப்பாட்டுக்கள் முழுமையாகக் கிடைக்கவில்லை. அவற்றைத் தேடி ஆழ்வார்திருநகரியை அடைந்தார். கவிராயர் இல்லங்களில் ஏடுகள் குவிந்து கிடந்தன. நாடியது மட்டும் அகப்படவில்லை. அது உத்ஸவ காலம். பெருமாளும் ஆழ்வாரும் திருவீதி எழுந்தருளினர். மனம் தளர்ந்திருந்த ஐயர், எடுத்த காரியம் நிறைவேற வேண்டுமென்று பிரார்த்தித்தார். அன்றிரவே லக்ஷ்மண கவிராயர் தம் மாமனார் இல்லத்திலிருந்து ஓர் ஏட்டைக் கொணர்ந்தார். நிலவொளியில் அதைப் பிரித்துப் பார்க்க, முல்லைப்பாட்டு என்னும் பெயர் கண்ணிற்பட்டது. இதை ஐயரே தம் சரித்திரத்தில் ஆழ்வாரின் அருளாக நினைந்து எழுதியிருக்கிறார்.

இதில் அடியேன் எண்ணி எண்ணி வியக்கும் விசேஷம் ஒன்றுண்டு. 103 அடிகள் கொண்ட முல்லைப்பாட்டு, மாவலி வார்த்த நீர் கையிற்பட்டவுடன் ஓங்கி வளர்ந்த சங்கசக்ரதாரியான திரிவிக்ரமனை, கடல்நீரைப் பருகி எழும் மேகத்துக்கு உவமையாகக் கூறியே தொடங்குகிறது. ஆழ்வார் தம் ஊரில் அளித்த ஏட்டின் தொடக்கத்தில் எம்பெருமானே நிற்கிறான். பத்துப்பாட்டு 1889இல் வெளிவந்தது.

எல்லா இடத்தும் இப்பாக்கியம் வாய்க்கவில்லை. பாண்டிநாட்டுக் கோயிலொன்றில் பழைய ஏடுகள் மிகுதியாக உண்டென்று கேட்டு ஆவலோடு சென்றார். சிதைந்த சுவடிகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இடவேண்டும் என்று ஆகமம் விதிப்பதாகக் கூறி, அவற்றை அக்னியில் சேர்த்துவிட்டதாக அங்கே சொன்னார்கள். ஐயர் நெஞ்சம் பதறினார். அர்ச்சக குலத்தில் பிறந்த அடியேனுக்கு இதை எழுதக் கை கூசுகிறது. ஆயினும் மறைக்கலாகாது. எரிந்த ஏடுகளில் என்ன நூல்கள் இருந்தன என்பதற்கு ஒரு ஜாபிதாவேனும் இருந்திருந்தால் பெயராவது மிஞ்சியிருக்கும்.

ஐயரின் பெருமை ஏடு சேர்த்ததோடு முடியவில்லை. எந்த ஊர், எவருடைய ஏடு, எங்கே சிதைவு, எங்கே பாடபேதம் என்று ஆராய்ந்து தம் பதிப்புக்களில் குறித்தார். ஏடு தந்தவர்களை நன்றியோடு நினைவு கூர்ந்தார். 1894இல் வெளியிட்ட புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுக்கள் கிடைக்கவில்லை. கிடைக்காததைத் தாமாக இட்டு நிரப்பாமல் குறையைக் குறையாகவே காட்டினார். பூஜையில் மந்த்ரலோபத்தை மறைக்காத ஸத்யசீலம் போன்றது இது.

1918இல் பரிபாடலைப் பதிப்பித்தார். அதன் உரையாசிரியர் பரிமேலழகர் காஞ்சீ உலகளந்த பெருமாள் கோயில் அர்ச்சகர் என்பது கர்ணபரம்பரை. பரிபாடல் 70 என்றும், அவற்றுள் திருமாலுக்கு உரியவை 8 என்றும் பழைய வெண்பா கூறும். ஏட்டில் எஞ்சியவை 22 பாடல்கள். திருமாலுக்கு உரியவை 6. இருந்தையூர்த் திருமாலைப் பாடிய மற்றொன்று பழைய உரையொன்றில் மேற்கோளாக அகப்பட்டது. எட்டாவது இன்னும் கிடைக்கவில்லை.

1903 முதல் 1919 வரை சென்னை இராஜதானிக் கல்லூரியில் பணிபுரிந்தார். 1906இல் மஹாமஹோபாத்யாய விருதும், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் பெற்றார். யுத்த பயத்தால் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றத்தில் தங்கியிருந்தபோது, 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் தேதி பரமபதம் அடைந்தார். அவர் நாமம் தாங்கிய நூல்நிலையம் 1943இல் சென்னையில் ஏற்பட்டது. அவர் வெளியிட்ட முதற்பதிப்புக்களே இன்று கிடைத்தற்கரியன ஆகிவிட்டன.

பக்தர்களே, நம் அகங்களிலும் பரண்மீது பெட்டிகள் உள்ளன. பாட்டனார் அநுஸந்தித்த சுவடிகளும், கிரந்தத்திலும் தெலுங்கெழுத்திலும் அச்சான பழைய ஸ்தோத்ர புஸ்தகங்களும் அவற்றில் கிடக்கும். எழுத்துத் தெரியவில்லை என்று அவற்றை ஆற்றிலும் அக்னியிலும் விடவேண்டா. திருவிழா ஸேவித்து இல்லம் திரும்பியதும் ஒருநாள் பெட்டியைத் திறவுங்கள். படிக்கத் தெரிந்தவரை அழைத்து, நூலின் பெயர், அச்சிட்ட ஆண்டு, எத்தனை ஏடு, எது குறை என்று ஒரு காகிதத்தில் எழுதி உடன் வையுங்கள். காணாமற்போன எட்டாவது பாட்டு எவர் அகத்துப் பரணில் உறங்குகிறதோ, எம்பெருமானே அறிவான்.

சுபம்