பிச்சையல்ல, வேலை!

வேலையற்றவனுக்கு வேண்டுவது என்ன? ஒருவேளைக் கஞ்சியா? ஓய்ந்து கிடக்கும் கைக்கு ஓர் உழைப்பா? இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கேள்வியை எழுப்பினார் ஒருவர். அவர் ஏழையல்லர், ஏட்டறிஞரும் அல்லர், ஆலை முதலாளி! இராபர்ட் ஓவன் என்பது அவர் பெயர்.

1771-இல் வேல்ஸ் நாட்டின் நியூடவுன் என்னும் சிற்றூரில், சேணம் தைப்பவரின் மகனாகப் பிறந்தார். பத்து வயதில் துணிக்கடைப் பையன். இருபதைத் தாண்டும்போது மான்செஸ்டரில் 500 பேர் உழைத்த நூற்பாலைக்கு நிர்வாகி! 1800-இல் ஸ்காட்லாந்தின் நியூ லானார்க் ஆலைப் பொறுப்பு அவரிடம் வந்தது.

அங்கே பாடுபட்டோர் ஏறத்தாழ 2,000 பேர். அவர்களில் 500 பேர் பாலகர். அனாதை விடுதிகளிலிருந்து அழைத்துவரப்பட்ட பச்சிளம் தளிர்கள்! பத்து வயதுக்குட்பட்டோரை ஆலைக்குள் விடுவதை ஓவன் நிறுத்தினார். அவர்களுக்குப் பள்ளி கண்டார். தொழிலாளருக்கு நியாய விலைக் கடை திறந்தார்.

சில ஆண்டுகளில் சோதனை வந்தது. அமெரிக்காவிலிருந்து வரும் பஞ்சு தடைப்பட்டது. மற்ற ஆலைகள் ஆட்களை வீதியில் விட்டன. ஓவன் என்ன செய்தார்? எந்திரம் நின்ற நான்கு மாதமும் முழுக் கூலி கொடுத்தார். 7,000 பவுன் செலவு! ஐயத்தோடு பார்த்த தொழிலாளர் அன்றுதான் அவரை நம்பினர்.

கூட்டாளிகளோ முகம் சுளித்தனர். 1813-இல் ஆலை ஏலத்துக்கு வந்தது. குவேக்கர் சபையைச் சேர்ந்த அறப்பணியாளர் வில்லியம் ஆலன், சட்ட மேதை ஜெரமி பெந்தாம் முதலியோரைத் துணை சேர்த்து, 1,14,100 பவுனுக்கு ஓவனே எடுத்தார். போட்ட முதலுக்கு நூற்றுக்கு ஐந்துக்கு மேல் எவரும் எடுப்பதில்லை. எஞ்சியது கல்விக்கும் தொழிலாளர் நலத்துக்கும் என்பது ஏற்பாடு. தொழிலும் அறமும் கைகோத்தன!

மூன்றாவது கை? அரசின் கை?

1815-இல் நெப்போலியப் போர் ஓய்ந்தது. போருக்காக ஓடிய ஆலைகள் ஓய்ந்தன. படை கலைந்த வீரரும், எந்திரத்தால் இடமிழந்த நெசவாளரும் பட்டினியில் வாடினர். ஏழையர் துயர் துடைக்க இலண்டன் பெருமக்கள் அமைத்த அறக்குழு ஓவனிடம் யோசனை கேட்டது. 1817-இல் அவர் திட்டம் தந்தார். சுமார் 1,200 பேர் வாழும் ஊர்கள் அமைப்போம். நிலமும் பட்டறையும் பள்ளியும் அங்கேயே இருக்கட்டும். செல்வரோ, ஊராட்சியோ, அரசோ முதல் போடட்டும். உழைப்பு அதைத் திருப்பித் தரும் என்றார்.

ஏழையர் சட்டத்தை ஆராய்ந்த நாடாளுமன்றக் குழுவின் வாயிலில் இரண்டு நாள் காத்திருந்தார். கதவு திறக்கவில்லை. கேளாமலே அனுப்பினர்!

பின்னர், 1825-இல் அமெரிக்காவில் நியூ ஹார்மனி என்ற குடியிருப்பைத் தாமே நிறுவினார். மூன்றாண்டுக்குள் அது சிதைந்தது. செல்வத்தின் பெரும்பகுதி கரைந்தது.

குறையே இல்லாதவரா ஓவன்? இல்லை. தொழிலாளரைப் பிள்ளைகளாக நேசித்தார். ஆலையை நடத்துவதில் அவர்களுக்குப் பங்கு தரவில்லை. அந்தக் குறையை நிரப்பியவர்கள் தொழிலாளரே! அவர் கருத்தால் ஊக்கம் பெற்றோரும் சேர்ந்து, 1844-இல் ராச்டேல் நகரில் 28 பேர் ஆளுக்கொரு பவுன் சேர்த்துக் கூட்டுறவுக் கடை கண்டனர். உலகக் கூட்டுறவு இயக்கத்துக்கு அதுவே முன்மாதிரி.

1858-இல், பிறந்த ஊரிலேயே ஓவன் கண்மூடினார். தோழர்களே! முதலாளி முதல் தரலாம். அறவோர் மனம் தரலாம். அரசு நிலமும் சட்டமும் தரவேண்டும். ஆனால், உழைப்பவனுக்கு அதில் உரிமை வேண்டும். அந்த நான்காவது கை சேராவிடில், வேலையும் பிச்சையாகிவிடும்!