சங்கரதாச சுவாமிகள் சரிதச் சுருக்கம்

பசுவந்தனை என்னுந் திருப்பெயர் சித்தாந்த நூற்பயிற்சியுடையார்க்கு இருபொருள் தந்து இன்பம் பயப்பது. ஆவொன்று சிவலிங்கத் திருமேனியை வழிபட்டமையின் அப்பெயர் போந்தது என்பது தலவழக்கு. பசுவாகிய ஆன்மா பதியை வந்திக்கும் இடமெனக் கோடலும் பொருந்துவதே. கோவிற்பட்டிப் பக்கத்துக் கரிசற் காட்டில், வானம் பார்த்த புன்செய் நிலங்களினிடையே, கைலாசநாதர் எழுந்தருளியிருக்கும் இத்தலம் தூத்துக்குடி மாவட்டத்தது. அம்மாவட்டத்துக் காட்டுநாயக்கன்பட்டியிற் பிறந்து, பாட்டுந் தாளமுங் கற்று, தாங் கற்றதனைச் சிறார்க்கு வழங்குதலையே வாழ்வாகக் கொண்டவர் சங்கரதாச சுவாமிகள். மேடைத் தொழிலிற் புகுந்தார் ஒருவரை ஆசிரியர் வரிசையில் வைத்தெண்ணல் தகுமோ என ஐயுறுவார் நம்முள்ளும் உளர். அவர் பொருட்டே இச்சரிதம் ஈண்டுச் சுருக்கி வரையப்படுகின்றது.

சுவாமிகள் 1867 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 7 ஆம் நாள் பிறந்தார். பிள்ளைப் பெயர் சங்கரன். தந்தையார் தாமோதரக் கணக்கப்பிள்ளை தமிழறிவு நிரம்பியவர். மைந்தர்க்கு முதலாசிரியரும் அவரே. பின்னர் வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகளை அடைந்து இலக்கண இலக்கியங் கற்றார். சந்தத்தையும் வண்ணத்தையும் தம் உயிரெனக் கொண்ட அப்பெருமானிடம் பெற்ற பயிற்சியே, பின்னாளில் நம் சுவாமிகள் எவ்வளவு விரைந்து எழுதினும் ஓசை வழுவாமைக்குக் காரணமாயிற்று. இளமையில் உப்புப் பண்டகசாலையிற் கணக்கராயிருந்த இவர், இருபத்துநான்காம் வயதளவில் அவ்வலுவலை நீத்து நாடகத்துறை புகுந்தார்.

அக்கால நாடகம் விடிய விடிய நடப்பது. நடிகர் தாந்தாம் வல்ல பாட்டைப் பாடுதலும், எழுதா உரையை வாய்க்கு வந்தவாறு பேசி வாதிடுதலும் வழக்காயிருந்தன. சுவாமிகள் இரணியன், எமன், சனீசுவரன் முதலிய கடுவேடங்களிற் பெயர் பெற்றார். அவ்வேடத்தின் கொடுமையைக் கண்டு கருவுற்ற பெண்ணொருத்தி அஞ்சிக் கருச்சிதைவுற்றாள் என்பது வழிவழி வழங்குஞ் செய்தி. அதனால் உள்ளமுடைந்த சுவாமிகள் வேடம் புனைதலை அறவே விடுத்தார். புகழுச்சியில் நின்றானொருவன் தன் புகழ்க்குக் காரணமாயதனையே பிறர் துயர்க்குங் காரணமெனக் கண்டு துறத்தல் எளிதன்று. காவியுடுத்துத் தலயாத்திரை புரிந்தமையின் சுவாமிகள் என்னும் பெயர் இவர்க்கு வழங்கலாயிற்று. இல்லறம் புகாது முருகப்பெருமானிடத்துப் பேரன்பு பூண்டு வாழ்ந்தார்.

பின்னர்ப் புதுக்கோட்டையில் கஞ்சிரா வித்தகர் மான்பூண்டியா பிள்ளையை அடைந்து லயநுட்பங்களைக் கற்றார். இவர்தந் திறங்கண்ட பிள்ளையவர்கள் இவரைத் தம் மகனாகவே ஏற்றுக்கொண்டார். தண்டபாணி சுவாமிகளிடம் பெற்ற சந்தமும், பிள்ளையவர்களிடம் பெற்ற தாளமும் இவர்பால் ஒன்றாயின.

1910 ஆம் ஆண்டு சமரச சன்மார்க்க நாடக சபையைத் தோற்றுவித்தார். வெண்கலக் குரலால் தமிழகத்தை ஆட்கொண்ட செங்கோட்டை கிட்டப்பா சிறு பிராயத்திற் பயின்றது இச்சபையிலேயாம். 1918 இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். டி. கே. சங்கரன், முத்துசாமி, சண்முகம் என்னும் உடன்பிறந்தார் மூவரும் இதன்கட் சேர்ந்தனர். பெயரளவிற் சபையெனினும், உண்மையில் இஃதொரு குருகுலமே. சிறார் ஆசிரியருடன் உண்டு, உறைந்து, பாடமுஞ் சுருதியுந் தாளமுஞ் சொற்றிருத்தமும் ஒருங்கு பயின்றனர். தேவாரம், திருக்குறள், நாலடியார் முதலியவற்றின் பொருளும் மொழியும் நாடக உரையினூடே விரவிவந்தமையின், பள்ளி காணாச் சிறாரும் அவற்றை மனனஞ் செய்தனர். எழுத்தறியாப் பொதுமக்களுஞ் செவியாற் பெற்றனர். சண்முகம் என்னுஞ் சிறுவர்க்காக அபிமன்யு சுந்தரி நாடகத்தை, நூற்றின் மேற்பட்ட பாடல்களுடன், ஓரிரவிலேயே எழுதி முடித்தார் என்ப. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் சரித்திரம் முதலியன இன்றும் தென்பாண்டி நாட்டுத் திருவிழா மேடைகளில் நடிக்கப்பெறுகின்றன.

இம்முறையிற் குறையில்லை என்று யாம் கூறவில்லை. இளஞ்சிறார் தாய்தந்தையரைப் பிரிந்து ஊரூராய்த் திரிந்தனர். சுவாமிகளின் கண்டிப்போ மிகக் கடுமையது. மகரக்கட்டு வந்து குரலுடைந்த பின்னர்ப் பாட்டையே நம்பியிருந்த பலர்க்கு மேடையில் இடமில்லாது போயிற்று. எனினும், ஒழுங்கற்றுக் கிடந்த மேடைக்கு எழுதிய பாடமும், ஏதுமற்ற சிறார்க்குக் கல்வியுஞ் சோறும் ஒருங்கே கிடைத்தமை அம்முறையாலன்றோ?

1921 ஆம் ஆண்டு சுவாமிகளை வாதநோய் பற்றிற்று. கையுங் காலும் செயலிழந்தன, நாவும் அடங்கிற்று. எண்ணிறந்த பாடல்களைச் சொல்லிய அவ்வாய் ஒரு சொல்லும் பேசாது கிடக்க, அவர் சொல்லிக்கொடுத்தவற்றை அவர் முன்னிலையிலேயே சிறார் பாடிவந்தனர். 1922 ஆம் ஆண்டு நவம்பர் 13 ஆம் நாள் புதுச்சேரியில் இறைவன் திருவடி நிழல் எய்தினார். அந்நகரிலேயே அவர்தஞ் சமாதியுளது. நாடகக் கலைஞர் ஆண்டுதோறும் அங்குச் சென்று வணங்குகின்றனர். புதுவைப் பல்கலைக்கழகத்து நிகழ்கலைப் பள்ளியும் அவர் பெயர் தாங்கி நிற்கின்றது.

தன் குரல் ஓங்க வேண்டுமென்பது ஆணவத்தின் செயல். தன் குரல் ஒடுங்கியும் தான் கற்பித்தது பிறர் வாயில் ஓங்கக்கண்டு அமைவது ஆசிரியத் தன்மை. சுவாமிகள் தாமே விரும்பி வேடத்தை விடுத்தார். நோயோ அவர்தங் குரலையுங் கவர்ந்தது. இரண்டும் போயபின்னும் எஞ்சிநின்றது அவர் கற்பித்த கல்வி. அதனை நோக்குவார், மேடையில் நின்றாரென்று அவரை விலக்கார், ஆசிரியரென்றே கைகூப்புவர்.

திருச்சிற்றம்பலம்.