விஞ்ஞானி மாக்ஸ் பிளாங்க்

ஜேர்மனியின் கீல் நகரில் 1858ஆம் ஆண்டு பிறந்தவர் மாக்ஸ் பிளாங்க். 1874இல் மியூனிச் பல்கலைக்கழகத்திற் சேர்ந்த அவர், பௌதிகவியல் கற்க விரும்பினார். அத்துறையில் அறியத்தக்கவை ஏறக்குறைய முற்றும் அறியப்பட்டுவிட்டன என்று பேராசிரியர் பிலிப் யொலி அறிவுரை கூறினார். பிளாங்க் தளரவில்லை, புதியன காணாவிடினும் உள்ளதைத் தெளிவுறக் கற்றலே போதும் எனத் துணிந்தார்.

கனலும் பொருள்கள் வீசும் கதிர்களின் அளவு அக்கால விதிகளுக்கு அடங்காதிருந்தது. அதனைப் பல்லாண்டு ஆராய்ந்து, சக்தி இடையறாத ஒழுக்காயன்றித் துளித்துளியாகவே பரிமாறப்படுகிறது என்று 1900இல் கண்டார். அதற்காக 1918ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசு பெற்றார். 1947இல் மறைந்தார். பின்னாளில் வந்த திரான்சிஸ்டரும் லேசரும் அக்கொள்கையை அடியாகக் கொண்டவை.

இளைஞர்காள்! முடிந்ததெனப்படும் துறையையும் முற்றக் கற்பீர். எஞ்சியிருப்பது கற்றவர் கண்ணுக்கே புலப்படும்.