சட்டத்துறையில் சேர். பொன்னம்பலம் இராமநாதன்

சேர். பொன். இராமநாதன் அவர்களை நம்மவர் பெரும்பாலும் இரண்டு திருப்பணிகளைக் கொண்டே நினைவுகூருகின்றனர். ஒன்று, யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் 1913ஆம் ஆண்டு பெண்களுக்கென நிறுவிய கல்லூரி. மற்றையது, கொழும்பு கொச்சிக்கடையில் தந்தையார் பொன்னம்பல முதலியார் அமைத்த சிவாலயத்தைக் கருங்கற் கோவிலாக்கிய பெரும்பணி. ஆயின் அன்னாருடைய ஆயுளில் பெரும்பகுதி கழிந்தது புதுக்கடை நீதிமன்றங்களிலும் சட்டநிரூபண சபையிலுமேயாம். வழக்காடுதல், சட்டமியற்றுதல், பிணங்கி நிற்போருக்காகப் பரிந்து பேசுதல் என்னும் மூன்று தொழில்களையும் ஒருவரே செய்த அவ்வாழ்க்கையை வாலிப அன்பர்கள் சிறிது அறிந்துகொள்ளல் வேண்டும். அதிலே வெற்றியும் உண்டு, குறையும் உண்டு.

இராமநாதன் 1851ஆம் ஆண்டு ஏப்பிரில் 16ஆம் நாள் கொழும்பிற் பிறந்தார். இங்கிலாந்திலே 1863இல் பாரிஸ்டராக அனுமதி பெற்று, முதலாவது இந்து என்னும் பெயரும் பெற்ற சேர். முத்துக் குமாரசுவாமி இவருக்குத் தாய்மாமன். பின்னாளிலே சேர் பட்டம் பெற்ற அருணாசலம் இவருடைய தம்பி. கொழும்பிலும் சென்னை இராசதானிக் கல்லூரியிலும் கற்று, சேர். றிச்சர்ட் மோர்கன் என்னும் பெரிய சட்ட நிபுணரிடம் பயின்று, அப்புக்காத்தாகத் தொழில் தொடங்கினார்.

அக்காலத்து இலங்கையில் அப்புக்காத்துத் தொழில் இலேசானதன்று. ஒல்லாந்தர் விட்டுப்போன உரோம ஒல்லாந்தச் சட்டம் கரையோரத்தின் பொதுச்சட்டம், கண்டிச் சிங்களருக்குக் கண்டிச் சட்டம், யாழ்ப்பாணத்தவருக்குத் தேசவழமை, முஸ்லிம்களுக்கு அவர்தம் விவாக, வாரிசு முறைகள், இவற்றின்மேல் ஆங்கிலேயர் கொண்டுவந்த வர்த்தகச் சட்டமும் கட்டளைச் சட்டங்களும். காலையில் ஒரு முதுசக் காணி வழக்கு. பிற்பகலில் ஒரு செட்டியார் கடன் வழக்கு. ஒவ்வொன்றுக்கும் வேறு நூல், வேறு நியாயம். இவற்றுள் எது எங்கே செல்லும் என்பதைத் தீர்மானிப்பவை உயர்நீதிமன்றத்தின் முந்திய தீர்ப்புக்கள். அத்தீர்ப்புக்களோ ஓரிடத்திற் சேர்த்து அச்சிடப்படாமற் கிடந்தன. பழைய தீர்ப்பைக் கண்டவன் வெல்வான், காணாதவன் தோற்பான்.

இளம் இராமநாதன் இதிலேதான் முதலிற் கைவைத்தார். 1820 முதல் 1877 வரையுள்ள காலத்துத் தீர்ப்புக்களிற் பெரும்பகுதியைத் தேடித் தொகுத்துப் பல பாகங்களாக வெளியிட்டார். பணமோ புகழோ விரைவில் தரும் வேலையன்று இது. தூசி படிந்த கட்டுக்களை அவிழ்த்துப் படித்துப் பிரதி செய்விக்கும் வேலை. ஆயினும் வசதியுள்ள கட்சிக்காரனுக்கும் ஏழைக் கட்சிக்காரனுக்கும் ஒரே நியாயம் எட்டக்கூடிய வழியை அது திறந்தது. அவர் மேடையில் ஆற்றிய பேச்சுக்களினும் இத்தொண்டையே நாம் பெரிதாக மதிக்கின்றோம்.

1879இல் மாமனார் முத்துக் குமாரசுவாமி காலமானார். சட்டநிரூபண சபையில் வெறிதான தமிழர் ஆசனத்துக்குத் தேசாதிபதி இருபத்தெட்டு வயதினரான இராமநாதனை நியமித்தார். 1892 வரை அவ்வாசனத்தில் இருந்தார். கொட்டாஞ்சேனையிலே 1883இல் பௌத்த ஊர்வலமொன்றைக் கத்தோலிக்கர் தாக்கியதனாற் பெருங் கலகம் விளைந்தது. பௌத்தர் தங்கள் குறைகளை எடுத்துரைக்க, 1885இல் வெசாக் தினம் பொது விடுமுறையாயிற்று. இந்துவாகிய இராமநாதன் சபையிலே அக்கோரிக்கையின் பக்கம் நின்றார்.

ஆனால் எல்லாருக்கும் அவர் நல்லவராய் இருந்தாரில்லை. 1888இல் ஆசியக் கழகத்தார் முன்னிலையில், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று ஒரு கட்டுரை படித்தார். முஸ்லிம்கள் சட்டசபையிலே தனி ஆசனம் பெறும் தறுவாயில் இருந்த சமயம் அது. மொழி, பழக்கவழக்கம், நடையுடை என்று சான்றுகளை அடுக்கி, வழக்கொன்றை நடத்துவதுபோலவே எழுதினார். யாரைப் பற்றி எழுதினாரோ அவர்கள் தம்மை யாரென்று எண்ணுகின்றனர் என்பதற்கு அதில் இடம் போதவில்லை. அந்த மனத்தாங்கல் நெடுங்காலம் ஆறவில்லை.

1892 முதல் 1906 வரை சொலிசிட்டர் ஜெனரலாகக் கடமையாற்றினார். பின்பு அரச சேவையை விட்டு நீங்கினார். 1911இல் படித்த இலங்கையர் ஆசனத்துக்குத் தேர்தல் நடந்தது. நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த தீவிலே ஏறத்தாழ 3,000 பேருக்கே வாக்குரிமை. டாக்டர் மார்க்கஸ் பெர்னாண்டோவை வென்று இராமநாதன் மீண்டும் சபை புகுந்தார். அவ்வெற்றிக்குச் சிங்களப் பெருமக்கள் பலரும் துணைநின்றனர். நான்கு ஆண்டுகளில் அவர்களுக்கு அவர் தேவைப்பட்டார்.

1915ஆம் ஆண்டுக் கலகத்தைப் பேசுமுன் ஒரு வழக்கைச் சொல்லவேண்டும். கம்பளையிலே வலகாகொட தேவாலயத்துப் பெரகரா ஆண்டுதோறும் மேளதாளத்துடன் அம்பகமுவ வீதி வழியே செல்வது வழக்கம். அவ்வீதியிலே கரையோரச் சோனகர் பள்ளிவாசலொன்று புதிதாக எழுந்தது. பள்ளிவாசலை அணுகும்போது மேளத்தை நிறுத்தல் வேண்டும் என்று 1912இல் அரசாங்க அதிபர் நிபந்தனை விதித்தார். தேவாலய நிலமே ஊர்வலத்தைக் கைவிட்டு வழக்குத் தொடுத்தார். 1815ஆம் ஆண்டுக் கண்டி ஒப்பந்தம் பௌத்த சமயத்துக்கு அளித்த உறுதியை மதித்துக் கண்டி மாவட்ட நீதிபதி போல் பீரிஸ் 1914 ஜூன் மாதத்திலே தேவாலயத்துக்குச் சார்பாகத் தீர்த்தார். உயர்நீதிமன்றம் 1915 பெப்ரவரியில் அதை மாற்றி, வீதியிலே வாத்தியம் இசைத்தற்கு உத்தரவுச்சீட்டு வேண்டும் என்ற சாதாரணக் கட்டளைச் சட்டமே செல்லும் என்றது.

இரு தீர்ப்புக்களிலும் சட்ட நியாயம் உண்டு. இரு பகுதியாரையும் ஒரு திண்ணையில் இருத்தி, தொழுகை நேரம் எது, ஊர்வல நேரம் எது என்று பேசி முடித்திருந்தால் தீர்ப்பே வேண்டியிருந்திராது. கோவிலும் பள்ளிவாசலும் விகாரையும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் கொம்பனித்தெருவில் வாழும் நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை. தோற்றவர் மனத்தில் அத்தீர்ப்பு கனன்றுகொண்டிருக்க, 1915 மே 28ஆம் நாள் வெசாக் இரவிலே கண்டிப் பள்ளிவாசலொன்றின் முன் கைகலப்பு மூண்டது. சில நாட்களிற் கொழும்பு உட்பட ஐந்து மாகாணங்களில் முஸ்லிம்களின் கடைகள் 4,000க்கு மேல் கொள்ளை போயின, பள்ளிவாசல்கள் எரிந்தன, உயிர்களும் மாண்டன.

ஜூன் 2ஆம் நாள் தேசாதிபதி சேர். றொபேட் சாமர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தார். கலகம் சில நாட்களில் அடங்கிவிட்டது. இராணுவச் சட்டமோ ஆகஸ்ட் மாத இறுதிவரை நீடித்தது. விசாரணையின்றியே சிலர் சுடப்பட்டனர். நாட்டு மொழியறியாத படை அதிகாரிகள் நீதிபதிகளாய் அமர்ந்தனர். இருபத்தாறு வயது எட்வர்ட் ஹென்றி பேதிரிஸ் ஜூலை 7ஆம் நாள் சுட்டுக்கொல்லப்பட்டார். டி. பி. ஜயதிலக, டி. எஸ். சேனநாயக்கா போன்ற தலைவர்கள் சிறையில் இருந்தனர்.

அறுபத்து நான்கு வயது இராமநாதன் சபையில் எழுந்தது அவ்வேளையில். வெளியிலே பேசினாற் சிறை. சபையிலே பேசுவதற்கு மட்டும் காப்புண்டு. அவர் எடுத்த வாதம் ஒரு நல்ல அப்புக்காத்தின் வாதம். கலகம் நடந்ததை அவர் மறுக்கவில்லை. சாதாரண நீதிமன்றங்கள் திறந்திருக்க, நீதிபதிகள் ஆசனத்தில் இருக்க, குடிமக்களைப் படை நீதிமன்றத்துக்கு இழுத்தல் எந்தச் சட்டத்தின்படி என்று கேட்டார். சாட்சியங்களைத் திரட்டினார், பெயரும் நாளும் குறித்தார். நீர்மூழ்கிகள் திரிந்த கடலைக் கடந்து இலண்டன் சென்று அங்கும் முறையிட்டார். அவருடைய வாதங்கள் 1916இல் இலண்டனிலே நூலாக வந்தன. ஈ. டபிள்யூ. பெரேரா போன்றோரும் அங்கே அரும்பாடுபட்டனர். சாமர்ஸ் திருப்பி அழைக்கப்பட்டார். அடுத்து வந்த சேர். ஜோன் அண்டர்சன் விசாரணை நடத்தி, சில கொலைகள் நியாயமற்றவை என ஒப்புக்கொண்டார். இராமநாதன் திரும்பி வந்தபோது, குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்கள வாலிபர் தாமே அவரது வண்டியை இழுத்துச் சென்றனர் என்பது கொழும்பிலே இன்றுவரை சொல்லப்படும் செய்தி.

அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டு, எரிந்த கடையின் வாயிலில் நின்ற முஸ்லிம் வியாபாரி என்ன நினைத்திருப்பான்? சிங்களருக்காக வாதாடிய நாவு தங்கள் இழப்பைப் பற்றிப் போதிய அளவு பேசவில்லை என்று முஸ்லிம்கள் வருந்தினர், அவ்வருத்தத்திற் காரணமுண்டு. ஒரு கட்சிக்காரனுக்காக முழு மூச்சுடன் வாதாடுபவன் அதே வேளையில் இரு பகுதிக்கும் நடுவனாய் இருத்தல் அரிது. இராமநாதன் தலைசிறந்த வழக்கறிஞராய் விளங்கினார். நடுவராய் இருக்கும் வாய்ப்பு கைக்கு வந்தபோது அது நழுவிற்று.

1921இல் சேர் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே திருநெல்வேலியிற் பரமேசுவராக் கல்லூரியை நிறுவினார். இறுதி வழக்கு டொனமூர் ஆணைக்குழுவின் அறிக்கைக்கு எதிரானது. சமூகப் பிரதிநிதித்துவத்தை நீக்கினாற் சிறுபான்மையோர் கதி என்னாகும் என்று அவர் எழுப்பிய வினா வீண் வினாவன்று; பிற்கால வரலாறு அதை மெய்ப்பித்தது. ஆனால் பெண்களுக்கும் கல்வியில்லாத தொழிலாளருக்கும் வாக்குரிமை வேண்டாம் என்றதை இன்று எவரும் ஏற்கமாட்டார். பெண்களுக்குக் கல்லூரி கட்டியவரே இப்படிச் சொன்னார் என்பது விசித்திரந்தான். சபையிலே 19க்கு 17 என்ற வாக்குக்களால் அறிக்கை நிறைவேறிற்று. எழுபத்தொன்பதாவது வயதில், 1930இல், மீண்டும் இலண்டன் சென்று முறையிட்டார். இம்முறை வழக்குத் தோற்றது.

அவ்வாண்டு நவம்பர் 26ஆம் நாள் சிவபதமடைந்தார். மருதனார்மடத்திலே தாம் கட்டிய கல்லூரி வளவிலேயே சமாதி வைக்கப்பட்டார். அவர் தொகுத்த தீர்ப்புப் புத்தகங்களைச் சட்டம் பயில்வோர் இன்றும் எடுத்துப் பார்க்கின்றனர்.