பாக்கியவதி: பண்டிதை ரமாபாய்

ஒரு பெண்ணைப் பாக்கியவதி என்று நம் பெரியோர் வாழ்த்தும்போது, தாய் தந்தை, கணவன், பிள்ளைகள், குறைவற்ற வாழ்வு என்பனவே அவர்கள் மனதில் நிற்கும். இவற்றை ஒவ்வொன்றாக இழந்த ஒரு பெண்மணி, அந்தச் சொல்லின் பொருளைச் சங்கீதங்களில் கண்டு தன் தாய்மொழியில் எழுதி வைத்தார். அவர்தான் பண்டிதை ரமாபாய்.

1858 ஏப்ரல் 23ஆம் திகதி மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில் ரமாபாய் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே பெண்களுக்கும் சமஸ்கிருதம் கற்பிக்கலாம் என நம்பியவர். அதற்காக ஊராரின் எதிர்ப்பைச் சுமந்தவர். மகளுக்குத் தாயே ஆசிரியையானார். ஊர் ஊராகச் சென்று புராணம் படித்துப் பிழைத்த அக்குடும்பத்தை 1870களின் பஞ்சம் சிதைத்தது. தந்தை, தாய், மூத்த சகோதரி மூவரும் மாண்டனர். எஞ்சிய அண்ணனோடு நடந்தே நாட்டைச் சுற்றி, 1878இல் கல்கத்தாவை அடைந்தார். அங்குள்ள அறிஞர்கள் அவருடைய புலமையை வியந்து பண்டிதை, சரஸ்வதி என்னும் பட்டங்களை வழங்கினர்.

1880இல் அண்ணனும் இறந்தார். அதே ஆண்டில் வங்காள வழக்கறிஞர் ஒருவரைச் சாதி கடந்து மணந்தார். 1882இல் கணவரைக் கொலரா கொண்டு சென்றது. கைக்குழந்தை மனோரமாவுடன் 23 வயதிலே விதவையானார். மருத்துவம் கற்கும் எண்ணத்துடன் 1883இல் இங்கிலாந்து சென்றார். காது சரியாகக் கேளாமையால் அதுவும் கைகூடவில்லை. அங்கேயே அவர் கிறிஸ்தவரானார்.

நாடு திரும்பி, 1889இல் பம்பாயில் இளம் விதவைகளுக்காகச் சாரதா சதனைத் தொடங்கினார். 1896-97 பஞ்சத்தில் தாமே சென்று நூற்றுக்கணக்கான சிறுமியரை அழைத்து வந்தார். பூனாவுக்கு அருகே கேட்காவில் முக்தி இல்லம் எழுந்தது. 1900 அளவில் அங்கே ஏறத்தாழ 2,000 பேர் வாழ்ந்தனர். கிணறு வெட்டினர், பயிர் செய்தனர், துணி நெய்தனர், அச்சுக் கோத்தனர். பார்வையற்றோருக்கும் அங்கே இடம் இருந்தது.

அந்தக் கிராமத்துப் பெண்களுக்கு விளங்கும் எளிய மராத்தியில் வேதாகமம் வேண்டும் என்பதற்காக, நடுவயதைக் கடந்தபின் எபிரேயமும் கிரேக்கமும் கற்றார். கத்தோலிக்கர் திருப்பாடல்கள் என்றும் ஏனைய கிறிஸ்தவர்கள் சங்கீதங்கள் என்றும் சொல்லும் 150 பாடல்களும் அவர் கையால் மராத்தியாயின. செவி மங்கிய ஒருவர் பாடல்களை மொழிபெயர்த்தார் என்பதை நினைக்க நெஞ்சு நெகிழ்கிறது.

அப்பாடல்களின் முதற்சொல் எபிரேயத்தில் 'அஷ்ரே'. பாக்கியம், பேறு என்பது அதன் பொருள். சங்கீதங்களில் இச்சொல் இருபது தடவைக்கு மேல் வருகிறது. ஆனால் அதைச் சுற்றிலும் கண்ணீரும் புலம்பலுமே மிகுதி. 146ஆம் சங்கீதம் இறைவனைத் துணையாகக் கொண்டோரைப் பேறுபெற்றோர் என்கிறது. அடுத்து அது யாரை நினைவுகூருகிறது? பசித்தோர், சிறைப்பட்டோர், பார்வையற்றோர், அந்நியர், அநாதைகள், விதவைகள். ரமாபாய் கடந்து வந்த வாழ்வும் அதுவே. முக்தி இல்லத்தின் பெயர்ப் பட்டியலும் ஏறக்குறைய அதுவே. துன்பம் தீர்ந்த பின் கிடைக்கும் பரிசாக அவர் மகிழ்ச்சியை எதிர்பார்த்திருக்கவில்லை. துன்பப்பட்டோருக்கு உணவும் எழுத்தும் தொழிலும் கொடுத்த அன்றாட உழைப்பிலேயே அதைக் கண்டார்.

1921இல், தமக்குப் பின் பணியைத் தொடர்வாரென நம்பியிருந்த மகள் மனோரமாவும் இறந்தார். ரமாபாய் மொழிபெயர்ப்பை விட்டுவிடவில்லை. வேலை முடிந்த சிறிது காலத்தில், 1922 ஏப்ரல் 5ஆம் திகதி கண்மூடினார். முக்திப் பெண்கள் அச்சிட்ட அந்த வேதாகமம் 1924இல் வெளிவந்தது.

நம்முள்ளும் 1983 ஜூலையில் வெள்ளவத்தை வீட்டைப் பூட்டக்கூட நேரமின்றி வெளியேறியவர்கள் உண்டு. கொட்டாஞ்சேனையில் பிறந்து, இன்று பனி பெய்யும் ஊரில் தனிமையில் முதுமையைக் கழிப்பவர்களும் உண்டு. சைவர், கிறிஸ்தவர், இஸ்லாமியர் எனப் பல வழியில் வணங்குபவர்கள் நாம். சங்கம் நூறாண்டு காணும் இவ்வேளையில், இழப்பின் கணக்கைக் கொண்டு எவரையும் பாக்கியமற்றவர் என எண்ணாதிருப்போம். அந்தப் பாடலின் பட்டியலில் அந்நியருக்கும் இடமுண்டு. தூரதேசத்துச் சகோதரியே, உமக்கும்தான்.