நோவுற்ற நாளில் ஜீயர் செய்த விண்ணப்பம்

திருவரங்கத்திலே நம்பிள்ளை திருவாய்மொழிப் பொருள் அருளிச்செய்து வாழ்ந்த 13ஆம் நூற்றாண்டில், அவர் திருவடிகளை விடாமல் பற்றியிருந்த அந்தரங்க சிஷ்யர் பின்பழகிய பெருமாள் ஜீயர். ஆழ்வார் ஆசார்யர்களின் வைபவத்தை ஆறாயிரப்படி குருபரம்பரா ப்ரபாவமாக நமக்கு அளித்த மஹோபகாரகர். படி ஒன்றுக்கு 32 எழுத்து என்னும் கணக்கில் ஏறக்குறைய 1,92,000 எழுத்துக்கள் கொண்ட பெருநூல் அது. பிறருடைய சரிதையை இவ்வளவு விரித்தருளிய அவரைப் பற்றிப் பெரியோர் சொல்லிவரும் செய்திகளோ மிகச் சில. அவற்றுள் ஒன்றை இங்கே அனுபவிப்போம்.

ஜீயர் ஸந்யாஸி; நம்பிள்ளை க்ருஹஸ்தர். ஆயினும் ஆச்ரமத்தின் ஏற்றத்தைப் பாராமல் ஆசார்யனுக்குச் சிறு பணிவிடைகளையும் தாமே செய்துவந்தார். இல்லமும் சுற்றமும் துறந்த அவருக்கு நம்பிள்ளை கோஷ்டியே குடும்பமாயிற்று.

ஒரு சமயம் அவர் கடுமையாக நோவு சாத்தியிருந்தார். அப்போது ஸ்ரீவைஷ்ணவர்களை அழைத்து, தம் நோவு தீரும்படி எம்பெருமானிடம் ப்ரார்த்திக்க வேண்டினார். அவர்களும் அன்போடு அவ்வாறே செய்ய, அவர் திருமேனி தேறிற்று என்பர்.

ஆனால் கோஷ்டியில் ஒரு கலக்கம் எழுந்தது. தன் பரத்தை எம்பெருமானிடம் வைத்த ப்ரபன்னன் சரீரம் நிலைக்க வேண்டுமென்று கேட்பது ஸ்வரூபத்துக்குச் சேருமோ? பரமபதம் செல்ல விரைய வேண்டியவர் இங்கே தங்க விரும்பலாமோ? சிஷ்யர்கள் இதை நம்பிள்ளையிடம் விண்ணப்பித்தார்கள்.

நம்பிள்ளை தாம் விடை கூறாமல் அவர்களைப் பெரியோர்களிடம் அனுப்பினார். எங்களாழ்வான், ஜீயருக்குத் திருவரங்கத்தில் உள்ள பற்றே காரணமாகலாம் என்றார். திருநாராயணபுரத்து அரையர், முடிக்க வேண்டிய கைங்கர்யம் ஏதேனும் இருக்கலாம் என்றார். அம்மங்கி அம்மாளோ, நம்பிள்ளையின் காலக்ஷேபத்தை விட்டுப் போக யாருக்குத்தான் மனம் வரும் என்று கருதினார்.

முடிவில் நம்பிள்ளை ஜீயரையே வினவினார். அனைத்தும் அறிந்த தேவரீர் இதை அடியேன் வாயால் வெளியிடத் திருவுள்ளம் பற்றினீரே என்று வணங்கி, ஜீயர் தம் நெஞ்சைத் திறந்தார். நாள்தோறும் ஆசார்யன் நீராடி எழுந்தருளும்போது அத்திருமேனியைக் கண்ணாரக் கண்டு, அருகே நின்று விசிறும் பேற்றை விட்டு இத்தனை விரைவில் பரமபதம் போக இசையவில்லை என்பதே அவர் விடை.

இதில் நமக்கு ஓர் ஆறுதல் உண்டு. நோயுற்றவரைச் சூழ்ந்திருக்கும் குடும்பத்தார், அவர் பிழைக்க வேண்டுமென்று வேண்டுவது சரணாகதிக்குக் குறையோ என்று மயங்குவதுண்டு. எதற்காக வாழ விரும்புகிறோம் என்பதையே பார்க்க வேண்டும் என்று ஜீயர் சரிதை காட்டுகிறது. தேகத்தின் போகத்துக்காக அவர் ஆயுளைக் கேட்கவில்லை; தொண்டு செய்யும் கை ஓயாதிருக்கவே கேட்டார். ஒருவருக்கொருவர் பணி செய்து எம்பெருமானை நினைத்திருக்க இன்னும் சில நாள் வேண்டும் குடும்பத்தின் நம்பிக்கையும் அவ்வழியதே. கேட்பது நம் அன்பு; அருள்வது அவன் திருவுள்ளம்.

பின்பழகிய பெருமாள் ஜீயர் திருவடிகளே சரணம்.